அலகு ஆடாத கத்தி

இசபெல் ஐந்தாவது கத்தியின் அலகை வெளியே தள்ளி, கட்டைவிரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள். ஆடியது.

"இதுவும் ஆடுது. வேற காட்டுங்க."

வடசேரிக் கடைக்காரனுக்குச் சலிப்பு. "அக்கா, பார்சல் பிரிக்க இது தாராளமாக்கும்."

"பார்சல் பிரிக்க இல்ல. சீலிங் வேலைக்கு. ஜிப்சம் போர்டு கீறணும்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேல்தட்டிலிருந்து எடுக்க ஏணியில் ஏறினான்.

அவள் புருஷன் ஜஸ்டஸ் இருபது வருஷம் சீலிங் வேலை பார்த்தவர். முதலில் துபாயில், பிறகு ஊரில் தம்பி பெனினோடு. வயிற்றில் கட்டி வந்தது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மகள் அபிதா பன்னிரண்டாம் வகுப்பு. சொந்த வீட்டுக்குச் சீலிங் போட்டபோது முழுக்கக் கையாளாக நின்றவள் இசபெல், வேலை தெரியும். பெனினோடு வேலைக்குப் போகிறேன் என்று கேட்டதற்கு, தம்பியையும் அக்கா வேளாங்கண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜஸ்டஸ் கட்டிலில் ஓங்கி அடித்தார். "எம் பெண்டாட்டி பலகை சொமக்கப் போவாண்டாம். நான் செத்தாலும் போவாண்டாம்." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்.

இருந்தும் நேற்று யாருக்கும் தெரியாமல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கத்தி வாங்கி, துணிப்பையில் ஒளித்து வைத்தாள். இன்று காலை பையிலிருந்து துண்டை எடுக்கும்போது அது கட்டிலில் போய் விழுந்தது. வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தாள். அவரோ அதை எடுத்து, கட்டைவிரலால் அலகை அசைத்துப் பார்த்தார்.

"இது தாள் வெட்டத்தான் கொள்ளும், கேட்டியா. போர்டுல வச்சு அமத்துனா அலகு திரும்பி ஒன் கையிலதான் ஏறும். திருகு வச்சதா பாரு. மொதல்ல காட்டுறத எடுத்துட்டு வந்துராத, பத்து கத்தியாவது பாரு. போ, மாத்திட்டு வா."

"இப்பமா?"

"பின்ன எப்பம்?"

நாத்தனார் வேளாங்கண்ணி அப்போது அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் கேட்கவில்லை.

வேலைக்குப் போ என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். மாற்றிவிட்டு வா என்றாரே, அது போதும். பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

எட்டாவது கத்தி இரும்பு உடம்பு, பின்னால் திருகு. எவ்வளவு அமுக்கியும் அலகு அசையவில்லை. இதுதான் என்று சொல்லும்போது போன் அடித்தது. பெனின்.

"மைனி, எங்க நிக்கிய? சீக்கிரம் வாங்க."

அவ்வளவுதான் சொன்னான். அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் கத்தியையே எடுத்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்போம். வழி முழுக்க இந்த ஒரு நினைப்புதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

வாசலில் கால் வைத்ததும், கையிலிருந்த கத்திக் கவரைப் பார்த்து வேளாங்கண்ணி பிடித்துக்கொண்டாள். "எந்தம்பி தண்ணி தண்ணின்னு கேட்டு உயிர விட்டான். இவ கடையில நின்னு கத்தி பாத்துட்டிருந்திருக்கா!"

"அவருதான் மைனி மாத்திட்டு வரச் சொன்னாரு."

"பொய் சொல்லாதட்டி. எம் முன்னாலல்லா அவன் போவாண்டாம்னு சொன்னான்."

பெனின் தலையைக் குனிந்துகொண்டான். இசபெலுக்கு வாதாடத் தெம்பில்லை. நாலு மாதம் ராவும் பகலும் கூடக் கிடந்து பார்த்தது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் இல்லாமல் போனது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஜெபமாலை சொல்ல வந்தவர்களும் அவளை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். அபிதா மட்டும் அவள் மடியில் படுத்துக் கிடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பங்குச்சாமி வந்து, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பெட்டியை மூடும் முன், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்க்க வேண்டும். கட்டோடு யாரையும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"ஒரு கத்தி தாங்க" என்றான் பெனின்.

"அவ கிட்ட கேளு. மெனக்கெட்டுப் போயி வாங்கிட்டு வந்தால்லா" என்றாள் வேளாங்கண்ணி.

இசபெல் எழுந்து போய் எடுத்து வந்தாள். கடைக்காரன் போட்டுக் கொடுத்த கவர்கூடப் பிரிக்கவில்லை. பெனின் அதைப் பல்லால் கிழித்தான். திருகைத் தளர்த்தி, அரை அங்குலம் அலகை நீட்டி, இறுக்கினான். கட்டைவிரலால் பக்கவாட்டில் அமுக்கினான். இன்னொரு முறை அமுக்கினான்.

"இது ஆரு பாத்து எடுத்தது?"

"நாந்தான்."

"எத்தன பாத்திய?"

"பத்து பாக்கச் சொன்னாரு. எட்டாவதே கிட்டிச்சு."

பெனின் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாங்கி வந்த கத்தியை மூன்று தடவை திருப்பிக் கொடுக்க வைத்த அண்ணன். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் பத்துதான் சொன்னாரு" என்றான், அக்காவுக்குக் கேட்கிற மாதிரி. வேளாங்கண்ணி பெட்டியருகே இசபெலுக்கு இடம் விட்டு விலகினாள்.

கைப்பிடிப் பக்கம் திருப்பி, கத்தியை இசபெலிடம் நீட்டினான். "நீங்களே அறுங்க மைனி."

அவள் முட்டி போட்டு, தோலில் படாமல் அலகைத் துணிக்கு அடியில் நுழைத்து, கூர் மேலே பார்க்க ஒரே இழுப்பாக இழுத்தாள். துணி அறுந்து பெட்டிக்குள் விழுந்தது. அவர் கால்கள் இரண்டும் விலகாமல் சேர்ந்தே இருந்தன.