இடது டேங்கில் எத்தனை லிட்டர்?

"ஆட்டோ பைலட் இருக்கறப்ப கையால ஏன் ஓட்டுறே? என் செலவுல டிரைவிங் கிளாஸா?" என்றார் அத்தான்.

"நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்தா தூக்கம் வரும் அத்தான். உங்களுக்குத்தான் ஏறின பத்தாவது நிமிஷமே வந்துடுச்சே."

அவளுடைய அக்காவின் கணவர், இந்தச் சின்ன விமானத்தின் முதலாளி. பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு மருந்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். "மச்சினிங்கறதுக்காக வேலை தர முடியாது. ஒரு நடை ஓட்டிக் காட்டட்டும்" என்று அக்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு நடைதான் இது.

தொடையில் கட்டியிருந்த அட்டையில் அவள் 72 என்று எழுதினாள். பிறகுதான் இடது எரிபொருள் டேங்கின் முள்ளைப் பார்த்தாள். கால் மணிக்கு ஒருமுறை முதலில் ஊகம், அப்புறம் முள். ஆரம்பத்தில் கன்னாபின்னாவென்று தப்பும். இப்போதெல்லாம் இரண்டு லிட்டருக்கு மேல் தப்புவதில்லை.

முள் 62 காட்டியது.

"பத்து லிட்டர் குறையுது."

"அது கிழட்டு முள்ளு. அப்படித்தான் காட்டும்."

ஐந்து நிமிடம் கழித்து 69 என்று எழுதிவிட்டுப் பார்த்தாள். முள் 56இல் நின்றது.

"முள்ளு பொய் சொன்னா அதே பத்துல நிக்கணும். இப்போ பதிமூணு. எங்கேயோ ஒழுகுது. பக்கத்து ஓடுதளத்துல இறக்கறேன்."

"மருந்து நேரத்துக்குப் போகலேன்னா அந்த ஆர்டர் போச்சு. இறக்கினா உன் வேலையும் போச்சுன்னு வச்சுக்க."

"வச்சுக்கிட்டேன்" என்றபடி ரேடியோவில் அனுமதி கேட்டாள்.

பன்னிரண்டு நிமிடத்தில் சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஏணி வைத்து இறக்கைமேல் எட்டிப் பார்த்தாள். டேங்க் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதனடியிலிருந்த ரப்பர் வளையம் பிய்ந்து, இறக்கையின் விளிம்புவரை ஈரக் கோடு இழுத்திருந்தது.

"போன மாசமே மெக்கானிக் மாத்தச் சொன்னான்" என்றார் அத்தான், ஏணியைப் பிடித்தபடி.

"இதை அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"அவ காதுல போடாதே தாயே."

புது வளையம் மாட்டி, டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். ஒன்றரை மணி நேரத் தாமதம். மருந்து மொத்த வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளை இறக்கிக்கொண்டார். ஆர்டரை ரத்து செய்யவில்லை.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "திங்கட்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடு."

"அஞ்சுக்கு வரேன். உங்க மெக்கானிக்கையும் வரச் சொல்லுங்க. வேற என்னென்ன மாத்தச் சொன்னார்னு கேட்கணும்."