லிட்டருக்குப் பதிமூன்று

மனைவி லீட்டாவைப் புதைத்துவிட்டு நெஸ்தோர் நேரே வீட்டுக்கு வந்தான். மணிலாவில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது வழியில் எங்கேயாவது இறங்கி, ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுப் படியை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் போன உயிர் கூடவே வந்துவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வேன்களில் வந்த சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் ஒரு கஞ்சிக்கடையில் இறங்கியது. நெஸ்தோர் மட்டும் லீட்டாவின் சின்னக் காரை நிறுத்தவே இல்லை. அப்புறம் கேட்டவர்களிடம் தலைவலி என்றான். தலைவலியாவது, ஒன்றாவது. அவள் கூடவே வந்துவிட வேண்டும் என்றுதான் நிறுத்தாமல் வந்தான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்க மனம் வரவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சின்னத் திரையில் ஓர் எண் தெரிந்தது. பதிமூன்று புள்ளி ஒன்று. லிட்டருக்கு அத்தனை கிலோமீட்டர். ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் லீட்டா ஒரு பொத்தானை அழுத்திப் பழைய கணக்கை அழிப்பாள். பிறகு வருஷம் முழுக்க அதைத் தொடமாட்டாள். ஆக, ஜனவரியிலிருந்து ஆஸ்பத்திரியில் படுத்த நாள்வரை அவள் ஓட்டிய ஓட்டமெல்லாம் அந்த எண்ணுக்குள் இருந்தது. எட்சா சாலையில், அந்தப் பாழாய்ப்போன நெரிசலில், ஆட்டோமேட்டிக் கியர் வைத்த வண்டியில் பதிமூன்று எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நெஸ்தோர் ஓட்டினால் ஒன்பது வந்தாலே பெரிது.

ஏனென்றால் அவன் கால் பஸ் டிரைவர் கால். இருபது வருஷம் அதே எட்சாவில் பஸ் ஓட்டினவன். முன்னால் ஓரடி இடம் தெரிந்தால் போதும், மிதி, உடனே பிரேக்கை மிதி, நடுவில் ஹாரனை அடி. இப்போது முட்டி போய்விட்டதால் குபாவ் டெர்மினலில் பஸ்களுக்கு நேரம் சொல்லி அனுப்பும் வேலை. லீட்டாதான் தினமும் அவனை அங்கே இறக்கிவிட்டு, பாசாயில் இருந்த தன் சரக்கு ஆபீசுக்குப் போவாள். அவளுக்கும் முன்னால் போகும் வண்டிக்கும் நடுவில் எப்போதும் ஒரு வண்டி நுழையுமளவு இடம் கிடக்கும். ஊருக்குள் ஆளேற்றி ஓடும் ஜீப்னி வண்டிகள் ஒவ்வொன்றாக நுழையும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ரத்தம் கொதிக்கும்.

"மணிலா மொத்தமும் நமக்கு முன்னாடி போயிடுச்சு. இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களான்னு பாரு" என்பான்.

"போகட்டும் நெஸ். அவங்களுக்கும் வீடு இருக்கில்ல?" என்பாள் அவள்.

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அந்தக் காருக்குள்தான் இருவரும் அதிகம் பேசினார்கள், அதிகம் சண்டை போட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரமே நெஸ்தோர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான். பஸ்ஸில் போனால் அவனுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனாலும் காரில் அவள் இருக்கிறாளே. அவளுக்கென்று விட்ட பக்கத்து முன் சீட்டில் பையைக்கூட வைக்கமாட்டான். நெரிசலைக் குறைக்க, நம்பர் பிளேட்டைப் பார்த்து வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு வண்டிக்கும் அங்கே ரோட்டில் தடை உண்டு. அந்தக் கிழமையில் பஸ் பிடிப்பதற்கு முன்னால் காரில் ஏறி, காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவான்.

சில நாளில் திரை பதிமூன்று என்று காட்டியது. அந்தப் புள்ளி ஒன்றைக் காணோம். அவள் சேர்த்து வைத்ததை இவன் கால் தின்கிறது. செத்தவர்களின் உயிர் நாற்பது நாள் இங்கேயே சுற்றும், பிறகு மேலே போய்விடும் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. எண் பதிமூன்றுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் நாற்பதாவது நாளும் அவள் போகமாட்டாள் என்பது நெஸ்தோர் தானாகக் கட்டிக்கொண்ட சட்டம். பைத்தியக்காரத்தனம்தான், அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

டயர்களுக்குக் காற்று அடித்தான். டிக்கியைக் காலி செய்தான். தன் கருவிப்பெட்டி, தண்ணீர்க் கேன்கள், ஓட்டை ஸ்பீக்கர் எல்லாம் வெளியே வந்தன. லீட்டாவின் மழைச்செருப்பைக் கையில் எடுத்தான். கனமே இல்லை. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டான். நிற்கும்போதெல்லாம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளு என்று டெர்மினலில் ஒருவன் சொன்னான். தள்ளித் தள்ளி மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். ஏசியை அணைத்தான். ஆகஸ்டு மாதத்துப் புழுக்கத்தில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. "கொஞ்சம் பொறுத்துக்கோ லீட்டா" என்று காலி சீட்டைப் பார்த்துச் சொன்னான்.

அப்படியும் பன்னிரண்டு புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது. அன்று எட்சா மேம்பாலம் ஒன்றில், நாலு பக்கமும் வண்டி அலற, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதான்.

மறுநாள்தான் வேறு வழியில்லாமல் அவள் ஓட்டியதுபோலவே ஓட்டிப் பார்த்தான். முன்வண்டியை விரட்டிக்கொண்டு போகாமல் தள்ளியே நின்றான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஊர்கிறது. ஆக்சிலேட்டரைத் தொட வேண்டியதே இல்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிட வேண்டியதுதான். இதைத்தானே அவள் தினமும் செய்தாள்? இவன் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை வருஷம் திட்டிக்கொண்டு வந்தானே தவிர, ஒருநாளாவது அவள் காலைப் பார்த்தானா? ஜீப்னிகள் நுழைந்தன. ஒரு பழைய பஸ் சிநேகிதன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, என்னடா, சாமியாராகிவிட்டாயா என்று கேலி செய்துவிட்டு முன்னால் போனான். போகட்டும் என்று நெஸ்தோரும் விட்டான். எண் இறங்குவது நின்றது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் திரும்பவும் பதிமூன்று வந்தது. சந்தோஷத்தில் முன் சீட்டைத் தட்டினான். அத்தனை நாளில் அன்றுதான் அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கியது.

நாற்பதாவது நாள் பூசை முடித்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, லீட்டாவின் அக்கா பெலென் அவனோடு காரில் திரும்பினாள். வீட்டில் நூடுல்சும் பன்றிக்கறியும் சமைத்துவைத்து உறவுக்கூட்டம் காத்திருந்தது. பெலென் முன் கதவில் கை வைத்தபோது, பின்னாடி ஏறுங்க அக்கா என்றான் நெஸ்தோர். அவள் ஒருமாதிரிப் பார்த்தாள். ஆனால் ஏறினாள்.

எட்சா அன்றைக்கும் அசையவில்லை. பெலென் பருமனான பெண்மணி. பூசைப் புத்தகத்தால் விசிறி விசிறிக் கை ஓய்ந்தாள்.

"ஏம்ப்பா, ஏசி ரிப்பேரா?"

"இல்லக்கா. பெட்ரோல் சாப்பிடும்."

"நல்லாயிருக்கு போ. தங்கச்சி போன வழியில என்னையும் இன்னிக்கே அனுப்பிடுவ போலிருக்கு." அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இந்த ரோடு அவளுக்கு எதையோ நினைவுபடுத்தியிருக்க வேண்டும், தானாகவே சிரித்தாள். "கடைசி வாரம் ஆஸ்பத்திரியில என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? அக்கா, சாகறதுல ஒரே ஒரு நல்லது, இனிமே எட்சால உக்காந்திருக்க வேணாம்னா. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். நர்ஸ் வந்து அதட்டிட்டுப் போனா."

நெஸ்தோர் சிரிக்கவில்லை. முன்னால் இடம் விழுந்தது, வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

"இத்தனை நாளா இங்கதான் உக்கார வச்சிருக்கேன்க்கா" என்றான். "ஏசிகூடப் போடாம."

பெலெனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்தாள். அடக்கத்தன்று அவன் நிற்காமல் போனது நினைவு வந்தது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நெஸ்தோர் ஏசியைக் கடைசிவரை திருகினான். குளிர்காற்று குப்பென்று அடித்தது. முன் சீட்டுப் பக்கத்தில் காற்று வரும் துவாரத்தை அந்தச் சீட்டை நோக்கித் திருப்பிவிட்டான். பெரிய சாலையிலிருந்து விலகி, முதலில் கண்ணில் பட்ட கஞ்சிக்கடை முன்னால் நிறுத்தினான். வீட்டில் அவ்வளவு சாப்பாடு காத்திருக்கிறதே என்று பெலென் கேட்கவில்லை.

எஞ்சினை அணைக்காமல் இறங்கினான். சும்மா நிற்கும் வண்டியில் பெட்ரோல் எரிந்தது. சுற்றி வந்து முன் கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வயதானவர்கள் இறங்கும்போது பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அவசரமில்லாமல் நின்றான். குளிர்காற்று அவன் முட்டியில் பட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"இறங்கிக்கோ லீட்டா. இனிமே இந்த ரோடு உனக்கு வேணாம்."

கடையில் இஞ்சி மணக்கும் கோழிக்கஞ்சி இரண்டு கிண்ணம் வாங்கினார்கள். பெலென் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவன் கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டான். அவசரப்பட்டால் அவளும் கூடவே எழுந்து வந்துவிடுவாளோ என்று பயந்து, சாப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்தபோது திரையில் பன்னிரண்டு புள்ளி ஒன்பது என்று இருந்தது. பெலென் பழக்கத்தில் பின் கதவைத் திறக்கப் போனாள்.

"முன்னாடி உக்காருங்க அக்கா" என்றான் நெஸ்தோர். "சீட்டு காலிதான்."

எட்சாவில் மறுபடி ஏறினார்கள். ஒரு ஜீப்னி ஓரத்திலிருந்து மூக்கை நீட்டியது. நெஸ்தோர் பிரேக்கில் காலை வைத்து, அது நுழைந்து போகும்வரை காத்திருந்தான்.