அகஸ்டினாவின் நித்தியகல்யாணி

பசறைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்கள் வாசலில் காய்கறி வைக்கலாம்; போஞ்சி போடலாம், கோவா போடலாம். பறித்து முடிந்ததும் நிலம் வெறுமையாகிவிட வேண்டும். வருடக்கணக்கில் நிற்கிற எதையும் நடக்கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

அகஸ்டினாவுக்கும் தெரியும். கொழுந்து பறிக்கிறவள். அதே லயத்தின் ஓர் அறைக் காம்பராவில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்றவள். மொனராகலையில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கையைப் பார்க்கப் போனபோது, காய்ந்து வெடித்த முற்றத்தில் நித்தியகல்யாணி மட்டும் பூத்துக் கிடந்தது. சில கன்றுகளை வேரோடு எடுத்து ஈரத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

பக்கத்துக் காம்பரா நல்லம்மா முகம் சுளித்தாள். "சுடுகாட்டுப் பூவ வாசல்ல வைக்கிறியே, புள்ள."

"அங்க தண்ணி ஊத்த யாருமில்லாமலே நிக்குதுல்லக்கா. அந்தத் துணிச்சலுக்குத்தான் கொண்டாந்தேன்."

வேரில் தண்ணீர் தேங்கினால் அந்தச் செடி அழுகிவிடும். அதனால் மணலும் பொடிக்கல்லும் கலந்து மண்ணை மேடாக்கி நட்டாள். வறண்ட கச்சான் காற்று வீசிய மாதங்களில் குழாய் வறண்டு, லயத்துப் போஞ்சியெல்லாம் கருகியது. நித்தியகல்யாணி உச்சி வெயிலில் இலைகளைச் சுருட்டிக்கொள்ளும், சாயங்காலம் மறுபடி விரிக்கும். கசப்புக்குப் பயந்து ஆடுகூட வாய் வைக்கவில்லை. அகஸ்டினா நுனிகளைக் கிள்ளிவிடக் கிள்ளிவிட, கிளை விட்டு அகன்று பூத்தது.

ஒருநாள், மலை வேலைகளை மேற்பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தர் ஜெயகுமார் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"இத எடுத்துடுங்க. போஞ்சி போடுங்க, வேணாங்கல."

"வெறும் பூச்செடிதானுங்க ஐயா."

"இன்னைக்குப் பூச்செடிம்பீங்க. நின்னு வேர் புடிச்சதும், இது எங்க எடம்னு சொல்லுவீங்க."

"சொல்லத்தாங்க போறேன்" என்றாள் அகஸ்டினா.

மறுநாள் அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, நல்லம்மாவின் புருஷன் மாடசாமியை மண்வெட்டியோடு அனுப்பினார் ஜெயகுமார். வேலை முடிந்து வந்தபோது செடிகள் வேர் மேலாகக் கிடந்தன.

"சொன்னாங்க, செஞ்சேன்" என்றார் மாடசாமி, தரையைப் பார்த்தபடி.

அகஸ்டினா அவரோடு சண்டைக்குப் போகவில்லை. பச்சை வாடாத தண்டுகளைத் தேர்ந்து நுனிகளை நறுக்கினாள். பூவையும் அடியிலைகளையும் களைந்து, பழைய தயிர்ச் சட்டிகளில் மணல் நிரப்பி ஊன்றி, காம்பராவின் பின்னால் நிழலில் வைத்தாள். நல்லம்மா தன் வீட்டுச் சட்டியையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"எங்க வாசலுக்கும் ஒண்ணு வையி."

"சுடுகாட்டுப் பூவாச்சேக்கா."

"எம் புருஷனயே விட்டு ஒன் வாசலத் தோண்ட வச்சிட்டானுங்க. இதுக்கு மேலயா கெட்டது வரப்போவுது?"

வேர் பிடித்ததும் அந்த லயத்தின் எல்லா வாசல்களிலும் கன்றுகள் நின்றன. ஜெயகுமார் மறுபடி மாடசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றிருந்தார்கள். முதல் வாசலில் நின்றவள் நல்லம்மா.

"வெட்டு" என்றார் ஜெயகுமார்.

மாடசாமி மனைவியைப் பார்த்தார். மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "என்னால முடியாதுங்க ஐயா."

"அப்ப நாளைக்கு ஒனக்கு வேலையில்ல."

"அவருக்கு இல்லன்னா எங்களுக்கும் வேணாங்க" என்றாள் அகஸ்டினா. "இந்த லயத்துலயிருந்து ஒருத்தி மலையேற மாட்டா."

விடிந்ததும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பேர் கூப்பிட்டு வேலை பிரித்தபோது அந்த லயத்துப் பெண்கள் ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. கடைசியில் ஜெயகுமார் யாரையும் பார்க்காமல் "மாடசாமி" என்று கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்றார் மாடசாமி. அதன் பிறகே பெண்கள் கூடையைத் தூக்கினார்கள்.

செடி பிடுங்க அப்புறம் யாரும் வரவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அகஸ்டினா கேட்கவும் இல்லை. ஐப்பசி மழை பிடித்தபோது, வேரில் தண்ணீர் நிற்காதபடி லயத்தின் முழு நீளத்துக்கும் வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டப்பகலில் வெட்டினாள். ஜெயகுமாரின் மோட்டார் சைக்கிள் அந்த வழியே வந்து, வேகம் குறைந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.