இன்னும் ஐந்து வருஷ மாத்திரை

பாலா என்கிற மலையாளத்து ஊரிலிருந்து வெளிநாடு போன நர்சுகளில் அன்னக்குட்டியிடம் திட்டு வாங்காமல் விமானம் ஏறியவர்கள் குறைவு. விசா வேலை ஆரம்பித்ததும் பெண்கள் நேராக அவளுடைய டிரைவிங் ஸ்கூலுக்குத்தான் வருவார்கள். கார் இல்லாமல் அங்கே டியூட்டிக்குப் போக முடியாதாம். அந்தச் சிவப்புக் காரில் ஏறி, முதல் நாளே ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"வளைவு வந்தா ஏன்டி கண்ண மூடுற? அங்க போயி ஊசி போடும்போதும் மூடிக்குவியா? நோயாளி பாவம்டி!"

பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக வைத்திருந்த பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு, அன்னக்குட்டி இப்படித்தான் கற்றுக்கொடுப்பாள். எத்தனையோ பெண்களை, எத்தனையோ மதில் சுவர்களை, ஒரு முறை வெள்ளை அங்கியோடு சாலையைக் கடந்த பாதிரியார் ஒருவரையும் அந்தப் பிரேக் காப்பாற்றியிருக்கிறது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. அறுத்து எடுத்தார்கள், கதிர்வீச்சு வைத்தார்கள், அப்புறம் தினமும் ஒரு மாத்திரை என்றார்கள். அவளுக்கு வந்தது ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை. அந்தச் சாப்பாட்டை நிறுத்துவதுதான் மாத்திரையின் வேலை. மாத்திரை அந்த வேலையைச் செய்தது. கூடவே யாரும் கேட்காத வேலைகளையும் செய்தது. காலையில் விரல்கள் மடங்காது. கார்ச் சாவியைத் திருக இரண்டு கையும் வேண்டும். முட்டி இரண்டும் மக்கர் பண்ணும். மார்கழிக் குளிரில்கூட உள்ளேயிருந்து யாரோ அடுப்பு மூட்டியதுபோல் திடீரென்று உடம்பு கொதிக்கும். உடனே மின்விசிறி முழு வேகத்தில் ஓடும். பக்கத்தில் கணவர் குரியச்சன் குரங்குக் குல்லாவும் இரண்டு கம்பளியுமாகச் சுருண்டு கிடப்பார்.

ஐந்து வருஷம் முடிந்த அன்று அன்னக்குட்டி ஒரு பிளம் கேக்கோடு டாக்டர் வசுந்தராவைப் பார்க்கப் போனாள். தொலைந்தது சனியன் என்று சொல்லிவிட்டு வரலாம் என்பது அவளுடைய திட்டம். குரியச்சன் ஆஸ்பத்திரி வாசலில் லாட்டரி டிக்கெட் வாங்க நின்றுவிட்டார். மனிதர் முப்பது வருஷமாகத் தினமும் வாங்குகிறார். விழுந்தது ஒரு முறை ஒரு குடை வாங்கும் அளவுக்கு.

டாக்டர் கேக்கைச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாமான்னு யோசிக்கணும்," என்றார்.

அன்னக்குட்டிக்கு மீதிக் கேக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நீட்டிச்சா என்ன கெடைக்கும் டாக்டரே?"

"உங்கள மாதிரி நூறு பேர்னு வைங்க. எல்லாரும் சாப்பிட்டா, அதுல ரெண்டு மூணு பேருக்குத் திரும்ப வர்றது நின்னுபோகும். மத்தவங்கள்ல ரொம்பப் பேருக்கு, சாப்பிடாட்டியும் வராது. சிலருக்கு சாப்பிட்டாலும் வரும்."

"அந்த மூணு பேரு யாரு?"

"தெரியாது."

"நான் அதுல இருக்கேனா?"

"அதுவும் தெரியாது."

"பின்ன என்னதான் தெரியும்?"

"உங்க எலும்பு தேய ஆரம்பிச்சிருக்குன்னு தெரியும். உங்களுக்கு வந்தது சின்னதுன்னு தெரியும். அக்குள் முடிச்சுக்குக்கூடப் போகல. அதனால நிறுத்தினாலும் தப்பில்ல, நீட்டிச்சாலும் தப்பில்ல. நீங்கதான் சொல்லணும்."

"இதென்ன அநியாயம் டாக்டரே! இத்தன வருஷம் நீங்களே ஓட்டிட்டு, சரியா வளைவுல வந்து ஸ்டியரிங்க எங்கிட்ட குடுக்கிறீங்க!"

டாக்டர் சிரித்தார். அவசரமில்லை, ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்றார். எந்த வலி மாத்திரையோடது, எந்த வலி வயசோடது என்று அப்போது பிரிந்துவிடும். பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும்.

ஒரு மாதத்துக்குள் விரல்கள் மடங்கின. முதலில் நம்பவில்லை. ஒரு காலையில் ஒற்றைக் கையால் சாவியைத் திருகிக் கார் கிளம்பியபோது, அன்னக்குட்டி தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்தாள். முட்டி மட்டும் மாறவில்லை, அது வயசுதான். கொதிப்பும் அடங்கியது. ஆனால் காற்றில்லாமல் தூக்கம் வரவில்லை என்று இப்போது குரியச்சன் எழுந்து மின்விசிறியைப் போட ஆரம்பித்தார்.

எல்லாம் சரி. ஆனால் இன்னொன்றும் நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காபி குடித்ததும் கை தானாக மாத்திரை டப்பாவுக்குப் போகும், வெறுமனே திரும்பும். திட்டித் திட்டிச் சாப்பிட்ட மாத்திரைதான், ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரனை அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது. குளிக்கும்போது சோப்பு வழுக்கிய இடத்தில் விரல் நின்று நின்று தேடியது. பயம் அவளுக்குப் பிடிக்காத சரக்கு. மற்றவர்களுடைய பயத்தைத் திட்டியே பிழைத்தவள் அவள்.

கடைசியில் குடும்பத்து நர்சுகளிடம் கேட்பது என்று முடிவாயிற்று. பெங்களூரில் இருக்கும் மகன் "உங்க இஷ்டம் அம்மச்சி" என்று கழன்றுகொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டு, கணவனும் மனைவியும் போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தார்கள். திரையில் வியன்னாவிலிருந்து குரியச்சனின் அக்கா சிசிலி வந்தாள். பெரிய நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள், பேச்சில் இன்னும் ஓய்வு பெறவில்லை. ரியாத்திலிருந்து குரியச்சனின் தம்பி மகள் ஜின்சி வந்தாள்.

"பத்து வருஷம்," என்றாள் சிசிலி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. "இதுல யோசிக்க என்ன இருக்கு அன்னக்குட்டி?"

"எங்க ஆஸ்பத்திரிலயும் பத்துதான் பெரியம்மா," என்றாள் ஜின்சி. "நிறுத்தவே கூடாது."

"விரலு இப்பதான் மடங்குது சேச்சி. மறுபடி வெறச்சுப்போனா நான் எப்படி வண்டி ஓட்டுவேன்?"

"விரலு பெருசா, உசுரு பெருசா?"

இரண்டு நாட்டு நர்சுகள் சொன்ன பிறகு அப்பீல் ஏது? போகட்டும், சாப்பிட்டுத் தொலைப்போம் என்று அன்னக்குட்டி மனசைத் தேற்றிக்கொள்ளும்போதுதான் ஜின்சி கண்ணைத் துடைத்தாள்.

"ஈரல் வரைக்கும் போனத கர்த்தர் மாத்திக் குடுத்திருக்காரு பெரியம்மா. அதுல நாம வெளையாடக் கூடாது."

"எந்த ஈரல்?"

"உங்க ஈரல்தான்."

அன்னக்குட்டி கணவனைப் பார்த்தாள். குரியச்சன் எழுந்து, ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தை ஜன்னல் வழியே பார்த்து, "மழ வருது, காயப்போட்ட ரப்பர் ஷீட்ட எடுத்து உள்ள போடணும்," என்றார்.

"டேய் குரியச்சா, உக்காரு!" வியன்னாவிலிருந்து வந்த அதட்டலில் அவர் உட்கார்ந்துவிட்டார். "ஈரலுக்குப் போச்சு, எலும்புக்குப் போச்சுன்னு நீதானே போன்ல அழுத? ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்புடான்னா கேமரா ஒடஞ்சு போச்சுன்ன!"

"எனக்கு எங்கயும் போகல சேச்சி," என்றாள் அன்னக்குட்டி. "ஒரு கடல அளவு. அக்குளுக்குக்கூட வரல."

குரியச்சன் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"சர்ச்சுல ஜெபத்துக்குச் சொல்லப் போனேன். எனக்கு முன்னாடி ஒருத்தி கொழுந்தனுக்கு மூளையில கட்டின்னு சொன்னா. சபையே முழங்கால் போட்டு ஜெபிச்சுச்சு. அதுக்கப்புறம் நான் போயி, சின்னக் கட்டி, ஆரம்பந்தான்னு சொன்னா யாரு முழங்கால் போடுவா? ஜலதோஷத்துக்குச் சொல்ற ஜெபத்ததான் சொல்லுவாங்க. அதான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அங்க சொன்னது உங்க காதுக்கும் வரும்ல, அதனால உங்ககிட்டயும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

"நான் நேர்ச்ச போட்டிருக்கேன் பெரியப்பா!" ஜின்சி கிட்டத்தட்ட அலறினாள். "பெரியம்மா ஈரலுக்காக அஞ்சு வருஷமா மாட்டிறைச்சி தொடல! ஈஸ்டருக்குக்கூட!"

"அதுக்குப் பலன் இருக்கும்மா. ஈரல் நல்லாத்தான இருக்கு?"

சிசிலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அளவைக் கேட்டாள், முடிச்சைக் கேட்டாள், எலும்புப் பரிசோதனையைக் கேட்டாள். எல்லாம் கேட்டபின் அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

"அப்ப உங்க டாக்டர் சொன்னதுதான் சரி அன்னக்குட்டி. நான் சொன்னது வேற ஒருத்திக்கு. ரெண்டும் தப்பில்ல. நீயே சொல்லு."

திரை அணைந்தது. அன்னக்குட்டி சாவியை எடுத்தாள். "ஏறுங்க இச்சாயா," என்றாள் கணவனிடம். அவளுக்குக் கோபம் வந்தால் வீட்டில் கத்த மாட்டாள், ஈராட்டுப்பேட்டை ரோட்டில் காரை விரட்டுவாள். குரியச்சனுக்கு ஓட்டத் தெரியாது. அவர் பக்கத்து இருக்கையில், அந்த இன்னொரு பிரேக்குக்கு நேராகக் காலை வைத்து உட்கார்ந்தார்.

மீனச்சில் ஆறு தெரிகிற முதல் வளைவில் கார் குலுங்கி நின்றது. அவள் பிரேக்கைத் தொடவே இல்லை.

"கால எடுங்க இச்சாயா."

"எதுத்தாப்ல பஸ்சு வந்துச்சு."

"பஸ்சு அது பாதையில வருது. கால எடுங்க."

அடுத்த வளைவிலும் அதே கதை. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அவள் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"கடல அளவு இருந்தத ஊரு பூரா ஈரல்னு சொல்லி வச்சிருக்கீங்களே, என்ன மனுஷன் நீங்க? பாதிப் பேரு என்னையச் சாவு வீட்டுப் பார்வையாப் பாத்துட்டுப் போனதுக்கு இதுதானா காரணம்?"

"எனக்கு அது கடலயாத் தெரியல அன்னம்மா." குரியச்சன் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "டாக்டருக்குக் கடல. நான் வீட்டுக்கு வந்து பாக்கிறேன், அடுப்படியில நீ இல்ல, வண்டியில நீ இல்ல, கட்டில்ல பாதி காலி. நீ ஆஸ்பத்திரிலதான் இருந்த, திரும்பி வருவன்னு தெரியும். ஆனா அதவிடப் பெருசு ஒலகத்துல எதுவும் இருக்கிறதா எனக்குத் தோணல. சின்னக் கட்டின்னு இருக்கிறதச் சொன்னாலே பொய்யாட்டம் இருந்துச்சு."

அன்னக்குட்டியின் கோபம் அங்கேயே படுத்துவிட்டது. அதை எழுப்பி உட்காரவைக்க அவள் கொஞ்சம் முயன்றாள், முடியவில்லை.

"சரி, இப்ப நீங்க சொல்லுங்க. நூத்துக்கு ரெண்டோ மூணோ. சாப்பிடட்டுமா?"

"நான் லாட்டரிக்காரன். லட்சத்துல ஒண்ணுக்கே தெனமும் போயி நிக்கிறவன். நூத்துக்கு மூணுன்னா வீட்ட வித்து வாங்குவேன்."

"அப்ப சாப்பிடச் சொல்றீங்க."

அவர் ஸ்டியரிங்கில் இருந்த அவளுடைய விரல்களைப் பார்த்தார். அவை அதை முழுசாகச் சுற்றிப் பிடித்திருந்தன.

"இல்ல. டிக்கெட்டுக்கு வெல குடுக்கிறது நீ. பரிசு விழுந்தா அது எனக்கு. இதுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குன்னு சொல்றது?"

அன்னக்குட்டி அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், கதிர்வீச்சு வைத்தபோது நர்சுக்கு ஜோக் சொன்னவள், ரோட்டோரத்தில் தன் சொந்தக் காரில், முதல் நாள் பாடத்துக்கு வந்த பெண்ணைப்போல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, காரைக் கிளப்பினாள். அப்புறம் வந்த வளைவுகளில் குரியச்சனின் கால் இரண்டும் இருக்கையின் மேல் சம்மணமிட்டு இருந்தன.

மறுநாளே டாக்டரைப் பார்த்தார்கள்.

"நிறுத்திடலாம் டாக்டரே," என்றாள்.

"உறுதியாத்தான் சொல்றீங்களா?"

"உறுதியெல்லாம் இல்ல. முடிவு மட்டுந்தான். மாத்திர சாப்பிட்டப்பவும் பயந்துக்கிட்டுதான் கெடந்தேன். பயம் எப்படியும் இருக்கும்போல. வெரலயாவது மடக்கிக்கிட்டு பயப்படுறேன்."

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வருஷம் தவறாமல் மார்பைப் படமெடுக்க வரவேண்டும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சாப்பிடவேண்டும், சந்தேகம் வந்தால் அன்றே கூப்பிடவேண்டும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

வெளியே வந்ததும் லாட்டரிக்காரன் குரியச்சனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அது அவர் காதில் விழவில்லை. கார் பக்கம் வந்து நின்று, வெகுநேரமாக மென்றுகொண்டிருந்ததைக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல என்னன்னு சொல்லட்டும்?"

"கடல அளவு இருந்துச்சு, எடுத்தாச்சு, மாத்திரையும் நிறுத்தியாச்சுன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா ஒருத்தனும் முழங்கால் போடமாட்டான் அன்னம்மா."

"நீங்க போடுவீங்கள்ல?" என்றாள் அன்னக்குட்டி. "எனக்கு அது போதும்."