முதுகால் இழுக்கும் வில்

கதாநாயகி வில்லைக் கையில் எடுத்த பக்கத்தோடு வெர்னா வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மடியில் கிடந்தது அவள் கணவன் லைல் ஏழு வருடமாக எழுதிய நாவல். அவன் ஜன்னலோரம் நின்று, பனியில் இறங்கும் குருவிகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸாரெத் என்ற அந்தக் கதாநாயகி ஊதினால் பறந்துவிடுவாள். சோளத்தட்டை மாதிரி கை, ஒரு பிடிக்குள் அடங்குகிற இடுப்பு. அவள் அண்ணன் மலைபோல் இருப்பதால் அவனுக்கு வாள், இவள் மெலிந்தவள் என்பதால் இவளுக்கு வில். அரக்கர்களே வளைக்க முடியாமல் போட்டுவிட்டுப் போன வில்லை இவள் மூச்சுக்கூட வாங்காமல் காதுவரை இழுக்கிறாள். மாயக்கதை எழுதுகிறவர்களுக்கு இது பழகிப்போன தப்பு. கடலில் மூழ்கிய பழைய போர்க்கப்பலிலிருந்து எடுத்த வில்லாளிகளின், இழுத்து இழுத்தே உருமாறிப்போன தோள் எலும்பைப் பார்த்தவர்கள் நோஞ்சானிடம் வில்லைக் கொடுக்க மாட்டார்கள். மற்றவர்கள் எழுதினால் போகட்டும் என்று விடலாம். போர்வில் இழுக்கிறவளோடு பதினெட்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன் எழுதலாமா?

வெர்னாவின் வில்லை இழுப்பது நூற்றுப் பத்து பவுண்டு, அதாவது ஐம்பது கிலோ எடையை இழுப்பதுபோல். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அவர்களுடைய வில்லாளிக் குழுவில் ஆண்களிலேயே பாதிப் பேரால் அதை முழுக்க இழுக்க முடியாது. இழுத்து இழுத்து அவளுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பருத்துவிட்டது. கடையில் வாங்குகிற எந்தச் சட்டையும் முதுகில் தையல் விட்டுப்போகும். குழுவில் ஆர்லோ என்பவன் அவளை 'உழவு மாடு' என்பான். அவளும் அவனைப் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அதெல்லாம் அவளைத் தொட்டதில்லை. இது தொட்டது. இத்தனை வருடமும் லைல் மனசுக்குள் குடிவைத்திருந்தவள் இந்தச் சோளத்தட்டைதானா? தன்னை ஒரு நாளாவது ஆசையோடு பார்த்திருக்கிறானா? ஐம்பது வயது தாண்டிய பிறகு இப்படி ஒரு கேள்வி வந்திருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் லைல்.

"உன் ஸாரெத் அந்த வில்ல இழுத்தா தோள்பட்டை கழண்டு தனியா வந்துரும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். படிக்கிறவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள், மந்திரவாதிகள் வருகிற கதையில் தோள்பட்டைக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தான்.

"படிக்கிறவங்கள விடு. உனக்கு இந்த மாதிரிப் பொம்பளைதான் பிடிக்குமா?"

லைல் சுவரில் சாத்தியிருந்த அவளுடைய வில்லை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். வெர்னா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். போட்டிகளுக்கு லைல் வண்டி ஓட்டுவான், அம்பு பொறுக்குவான், காபி ஊற்றித் தருவான். வில்லை மட்டும் இதுவரை தொட்டதே இல்லை. அவள்தான் நாணேற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முகம் பீட்ரூட்டாகச் சிவந்ததே தவிர நாண் ஒரு சாண்கூட வரவில்லை.

"கையால இழுக்காத. முதுகால இழு."

"முதுகுல எங்கன்னு தெரிஞ்சா எழுதியிருப்பேனே," என்றான் மூச்சிரைத்துக்கொண்டே. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீ வில்லோட நிக்கிறப்ப நான் உன் முதுகத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன், எப்பவும். ஆர்லோ கிண்டலடிக்கிறதுகூடக் காதுல விழாது. அத எழுத எத்தன தடவ உக்காந்தேன் தெரியுமா? எழுதி எழுதிக் கிழிச்சேன். ஒல்லியா ஒருத்திய எழுதுறது சுலபமா இருந்துச்சு, எழுதிட்டேன்."

வெர்னா கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, வில்லை வாங்கி, இலக்காக வைத்திருந்த வைக்கோல் கட்டைப் பார்த்து நின்றாள்.

"முதுகுல கை வைக்கட்டுமா?" என்றான்.

"வை. சில்லுன்னு இருந்தா உதைப்பேன்."

சில்லென்றுதான் இருந்தது. அவள் வில்லுக்குள் தன் உடம்பைச் சாய்த்து இழுத்தாள். அவன் உள்ளங்கைக்குக் கீழே இரண்டு தோள்பட்டைகளும் நெருங்கி வந்து, நடுவில் சதை திரண்டு எழுந்தது. அம்பு போய் வைக்கோலில் குத்திய சத்தம் கேட்டது. எங்கே குத்தியது என்று லைல் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இன்னொரு தடவ," என்றான், கையை எடுக்காமல்.

அவள் அடுத்த அம்பை நாணில் வைத்தாள்.