எழுபத்தொரு கோடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் நடக்கும் தப்புக்கு யோசனை கொடுத்தவன் நான். பனியன் கம்பெனி ஒன்றில் பத்து வருடமாக ஆடிட்டுக்கு ரிஜிஸ்டர் எழுதுகிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பிச் சோதிப்பதற்கு முந்தின நாள், தொழிலாளர்களின் மூன்று மாதத்துப் பயிற்சிக் குறிப்பை ஒரே மூச்சில் எழுதி முடிப்பேன். கதை எழுதப் பழகியது அங்கேதான். ஆகவே என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே வாசியுங்கள்.

செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் சித்ராதேவி ஒருநாள் டீ டயத்தில் கேட்டாள். "ஏனுங்ணா, ஒரு வாரத்து நோட்டை ஒரே நாள்ல எழுதுனா கண்டுபிடிச்சிருவாங்களாங்க?"

"ரெண்டு பேனா வெச்சுக்க அம்மணி. தெனமும் ஒரே நம்பர் போடாதே. ஏத்தி எறக்கிப் போடு."

எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை.

2

அவள் மகள் யாழினி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மழையை

(வேண்டாம். ஆட்டிசம் உள்ள குழந்தை என்றதும் என் பேனா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் நிறுத்துகிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லைன் வீட்டில் மழை பார்க்கும்படி ஜன்னலே கிடையாது.)

யாழினிக்கு இரண்டரை வயது. பேச்சு இன்னும் வரவில்லை. வேண்டியது கிடைக்காவிட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் ஜெயபாண்டி மதுரைப் பக்கத்துக்காரர். வேண்டியதைக் காட்டிக் கேட்க மூன்று பட அட்டைகள் கொடுத்திருந்தார்: தண்ணீர், பிஸ்கட், தூரி. விட்டத்தில் சேலை கட்டி ஆட்டும் அந்தத் தூரி என்றால் குழந்தைக்கு உயிர்.

"மொதல்ல கையப் புடிச்சு எடுக்கப் பழக்குங்கக்கா. அதுக்குக் கோடு கெடையாது. அப்புறம் சும்மா காத்திருங்க. அவளா எடுத்து உங்க கையில குடுத்தா, கேட்டதக் குடுத்துட்டு நோட்டுல ஒரு கோடு போடுங்க. அவ்வளவுதான்."

3

சித்ராதேவிக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. அட்டையைக் கொடுத்தால் பிள்ளை வாயே திறக்காது என்று புருஷன் வேல்குமார் வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஆனால் நோட்டு என்று ஒன்று வந்ததும் அவளுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. நோட்டைப் பார்க்க வருகிறவர் ஆடிட்டர். கோடு குறைந்தால் ஃபெயில். ஃபெயிலானால் அந்த ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் காத்திருக்கும் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அப்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. எட்டு வருடம் கம்பெனியில் இருந்தவளுக்குச் சொல்ல வேண்டியதுமில்லை.

சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். ஒன்பது, பன்னிரண்டு, எட்டு என்று ஏத்தி இறக்கி, மொத்தம் எழுபத்தொரு கோடு.

(இங்கே ஜெயபாண்டி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டு தடவை அப்படி எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் நம்பத்தான் செய்தார்.)

"சூப்பர்க்கா! அப்ப அடுத்த கட்டத்துக்குப் போயிரலாம். இனி அட்டைய அடுப்படியில வைங்க. அவளே போய் எடுத்துட்டு வரட்டும்."

4

மூன்று நாள் அட்டைகள் அடுப்படியில் கிடந்தன. யாழினி தூரிச் சேலையைப் பிடித்து இழுத்து அழுதாள். நெற்றி வீங்கிவிட்டது.

ஒரு முடிவு: நான்காம் நாள் அவள் தானாகவே அடுப்படிக்குப் போய், தூரி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு

(எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே நிறுத்திவிட்டேன். ஆடிட்டரைக் குளிர வைக்க எழுதுவதும் இப்படித்தான் இருக்கும்.)

5

நடந்ததைச் சித்ராதேவியே பிறகு என்னிடம் சொன்னாள். புதன்கிழமை போன் போட்டு ஜெயபாண்டியை வரவழைத்திருக்கிறாள்.

"சார், நோட்டுல இருக்கறது பொய்யிங்க. நானா எழுதுனதுங்க."

அவர் நோட்டை எடுத்து விரித்தார். "அத்தனையுமாக்கா? அவளா ஒரு தடவகூடக் குடுக்கலையா?"

"ஒருக்கா குடுத்தாளுங்க. பாத்தரம் கழுவிட்டு இருந்தனுங்க. தூரி அட்டையக் கொண்டாந்து ஈரக் கையில வெச்சாளுங்க. அதையும் சேத்துத்தானுங்க எழுதுனேன்."

ஜெயபாண்டி நோட்டை அவள் பக்கம் திருப்பினார். "எந்தக் கோடுக்கா அது? நெசமா ஒரு தடவ குடுத்திருந்தா அங்கேருந்தே ஆரம்பிக்கலாம். இல்லைன்னா மறுபடி கையப் புடிக்கறதுலேருந்துதான்."

சித்ராதேவி விரல் வைத்துத் தேடினாள். துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவள். செவ்வாயா, வியாழனா? ஒரு கோடும் இன்னொன்றும் ஒன்றுபோலவே இருந்தன. பக்கம் முடிந்ததும் திரும்ப மேலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கும் கையைப் பிடித்து எடுக்க வைத்தது தான்தானோ என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

"இருந்துச்சுங்க சார். என் கண்ணு மேல சத்தியமா இருந்துச்சுங்க," என்று அழுதாள்.

அவர் இந்தத் தடவை உடனே நம்பவில்லை.

6

ஏதோ ஒரு கோட்டைக் காட்டி இதுதான் என்று எழுதிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். வெட்கமாக இருக்கிறது, எழுதப் போவதில்லை. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மாவிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அல்லது கேட்கவே இல்லை. சித்ராதேவி சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஜெயபாண்டி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், யாழினி அழுதுகொண்டிருக்கிறாள். சித்ராதேவியை நம்புகிறீர்களா?