மாதிரி போர்டு

நாற்பதாவது போர்டிலும் அதே இடத்தில் சிவப்புக் கட்டம் வந்தபோது, மௌஸைத் தூக்கி அந்தக் கேமராப் பெட்டியின் மேலேயே எறிந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. பெட்டி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. உள்ளே ஒரு கேமரா, அதைச் சுற்றி வட்டமாக விளக்கு. சர்க்யூட் போர்டை வைத்து மூடினால் படம் பிடித்து, நாம் முதலில் காட்டிய மாதிரி போர்டோடு ஒப்பிட்டு, வித்தியாசமாகத் தெரிகிற இடத்திலெல்லாம் கட்டம் போடும். பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பதில் பத்தில் ஒரு பங்கு விலை. புத்தியும் பத்தில் ஒரு பங்குதான். ஈயம் கொஞ்சம் பளபளத்தால் தப்பு, சிப்பின் மேல் எழுத்து மங்கியிருந்தால் தப்பு, தூசி விழுந்தால் தப்பு. ஒவ்வொன்றாக நான் பார்த்து, "சரி" என்று அமுக்கி, அதைச் சமாதானப்படுத்த வேண்டும். என் மாமியாரைக்கூட நான் இவ்வளவு சமாதானப்படுத்தியதில்லை.

பதினொரு வருடமாக இந்த இரண்டு அறைப் பட்டறையில் போர்டு பார்ப்பது நான்தான். என் வீட்டுக்காரர் பாகங்களைப் பொருத்திச் சூடாக்கி எடுப்பார். நான் லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். நான் தப்பு என்று ஒதுக்கியதை நாத்தனார் கழற்றிச் சரிசெய்வாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை ஏற்றி இறக்குகிற போர்டுதான் எங்களிடம் பெரிய வேலை. போன மாதம் நான் பார்த்து அனுப்பியதில் ஆறு திரும்பி வந்தன. அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். நேரே போய் இந்தப் பெட்டியை வாங்கி வந்து, "உன் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு" என்றார். உன் கண்ணை இனி நம்ப முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கலாம்.

கட்டில் போர்டை இன்று காலைதான் மாதிரியைக் காட்டிப் பெட்டிக்குப் பழக்கினோம். அப்போது பிடித்து ஏழாம் நம்பர் டயோடில் கட்டம். எள்ளு அளவு கறுப்புத் துண்டு அது, ஒரு ஓரத்தில் வெள்ளைக் கோடு. கோடு பக்கம் மாறிவிட்டால் கட்டில் அசையாது.

"கோடு சரியான பக்கம்தான் இருக்கு. உங்க பெட்டிக்குத்தான் கண்ணு தெரியல" என்றேன்.

அவர் வந்து திரையைக் காட்டினார். "இடது பக்கம் இருக்கிறது மாதிரி போர்டு, வலது பக்கம் இன்னைக்குப் போட்டது. கோடு மாறியிருக்கா இல்லையா?"

"கட்டில் கம்பெனிக்காரங்க குடுத்த டிராயிங்கைப் பாருங்க."

"டிராயிங்கை அவங்க மூணு தடவை மாத்திட்டாங்க. மாதிரி நீ எடுத்துக் குடுத்ததுதானே?"

போர்டுகள் இருந்த தட்டை அப்படியே நாத்தனாரிடம் கொடுத்து, நாற்பதிலும் டயோடைத் திருப்பிப் போடச் சொன்னார். "அண்ணி?" என்று அவள் என்னைப் பார்த்தாள். "என்னை ஏன் கேக்குற, பெட்டியைக் கேளு" என்றேன்.

அவள் உள்ளறைக்குப் போனதும், கடைசியாக வந்த டிராயிங்கைத் தேடி எடுத்து விரித்தேன். நான் சொன்னதுதான் சரி. நாற்பதும் சரி. இதைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்று எழுந்தவள், அப்படியானால் இந்தப் பெட்டிக்கு என்னதான் வந்தது என்று மாதிரி போர்டை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.

மாதிரியில்தான் கோடு தப்பான பக்கம் இருந்தது. இரண்டு முனையிலும் ஈயம் உருண்டையாக நின்றது. அவர் சூடாக்கி எடுக்கும்போது உருகுகிற ஈயம் இப்படி நிற்காது, படிந்துவிடும். இது கையால் வைத்தது. நாத்தனார் வைத்தால் கூராக இழுத்திருக்கும். இது என் கை. போன தடவை கட்டில் போர்டு போட்டபோது, அவள் லீவில் இருந்த அன்று, ஒரு போர்டில் டயோடு ஒற்றைக் காலில் எழும்பி நின்றது; இதற்கு ஏன் அவளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நானே எடுத்து வைத்தேன். பிறகு இருப்பதிலேயே நல்லது என்று அதையே பொறுக்கி, துடைத்து, "கண்ணை மூடிக்கிட்டு இதை வைங்க" என்று இவரிடம் கொடுத்தவளும் நான்தான்.

யாருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் வேறு மாதிரி போர்டை வைத்துவிட்டு, பெட்டிதான் கோளாறு என்று டிராயிங்கைக் காட்டினால் போதும். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். பழையபடி நானே பார்ப்பேன். ஆனால், நான் பார்த்த நாற்பதும் சரி என்று அவர் உண்மையிலேயே நம்ப வேண்டுமென்றால், நான் பார்க்காமல் விட்ட இந்த ஒன்றைக் காட்டித்தான் ஆக வேண்டும். இதைவிட அநியாயம் உண்டா? உள்ளறையிலிருந்து ஈயப்புகை வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். ஈய உருண்டையை நகத்தால் தொட்டார்.

"நீ வச்சதுதானே இது?"

"ஆமா. நாப்பதும் சரி. மாதிரிதான் தப்பு."

உள்ளே போய் நிறுத்தச் சொன்னார். "பதினாலு முடிச்சிட்டேனே" என்று அவள் சொல்வது கேட்டது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மிச்ச இருபத்தாறு போர்டுகள் இருந்த தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மாதிரிக்கு வேற ஒண்ணு வேணும். நீயே பார்த்துக் குடு."

ஒன்றை எடுத்தேன். டிராயிங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஏழு சரி. மற்றதும் சரி. முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கையை நீட்டினார். நான் போர்டை நீட்டினேன். அவர் ஒரு முனையைப் பிடித்தார்.

"விடு" என்றார்.

"இருங்க" என்றேன். மறுமுனை இன்னும் என் விரலில்தான் இருந்தது.